வரவேற்புப் பனியன்

வெளிநாட்டு எழுத்தை அச்சடிப்பதென்றால் திருப்பூரை ஒட்டிய எங்கள் பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எங்களிடம் துணி வாங்குகிற, அந்த மொழி தெரிந்த பழைய பையர் யாருக்காவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வோம். ஒருமுறை தலைகீழாக அடித்து ஒரு கன்டெய்னர் முழுக்கத் திரும்பி வந்ததிலிருந்து, ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசரான என் தலையில் விழுந்த வேலை இது.

போன வருடம் இரண்டு லட்சம் வெள்ளைப் பனியனுக்கு ஆர்டர் வந்தது. கொடுத்தது கடல் தாண்டிய ஒரு பெரிய நாட்டின் ஏஜென்ட். நெஞ்சில் வலமிருந்து இடமாக ஒரு வரி. என்ன வரி என்று முதலாளி தரணீதரன் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை. நான் வழக்கம்போல ஹாதி சாருக்கு அனுப்பினேன். அந்த எழுத்து புழங்கும் நாட்டில் குழந்தைத் துணிக்கடை வைத்திருப்பவர். எட்டு வருடமாக எங்களிடம் வாங்குகிறார். புது சைஸ் போனால் மகளுக்குப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவார்.

உடனே போன் வந்தது. எப்போதும் நிதானமாக ஆங்கிலம் பேசுகிற மனிதர், அன்று தடுமாறினார்.

"கோமளா, இதில் 'புதிய அரசே, வருக' என்று இருக்கிறது. இங்கே பழைய அரசு அப்படியேதான் இருக்கிறது. யார் கேட்டார்கள் இதை? எப்போது அனுப்புகிறீர்கள்?"

இருபதாம் தேதி பனியன்கள் விமானத்தில் போக வேண்டும். அவர் நாட்டுக் கடலில் போர்க்கப்பல்கள் நிற்பதை ஒரு மாதமாகச் செய்தியில் காட்டுகிறார்கள். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டு முதலாளியிடம் ஓடினேன்.

"ஏனுங்க கோமளா, வெளிய அனுப்பச் சொன்னது ஆருங்க? விசயம் கசிஞ்சா ஆர்டர் போயிருமுங்க. ஏதாச்சும் சொல்லிச் சமாளிங்க."

"அவங்க ஊர்ல குண்டு போடப் போறாங்களாட்ட இருக்குதுங்க சார்."

"நாம தைக்காட்டி போடாம உட்ருவாங்களாக்கும்?"

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு வந்தது. ஹாதி சாரைக் கூப்பிட்டு, "ஏதோ சினிமா ஷூட்டிங்குக்காம் சார். வெறும் சாம்பிள்தான்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லவேளை! மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடலாமா என்று பஸ்ஸுக்கு டிக்கெட்டே எடுத்துவிட்டேன்."

பனியன் போய்ப் பன்னிரண்டாம் நாள் குண்டு விழுந்தது. அடுத்த வாரம் டிவியில் வெள்ளைப் பனியன் கூட்டம். மக்கள் தன்னெழுச்சியாகத் திரண்டார்களாம். தன்னெழுச்சியாவது மண்ணாவது, பாலிபேக்கில் மடித்து அனுப்பியது நாங்கள்! ஓடிப்போன ஆட்சியாளன் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஹாதி சாரே அவனைத் திட்டாத நாளில்லை. அதற்காக வீட்டுக்காரனைக் கேட்காமல் வீட்டை இடிப்பார்களா? இடிக்க வந்தவர்கள், தங்களுக்கான வரவேற்பையும் முன்கூட்டியே தைத்து வாங்கியிருக்கிறார்கள். தைத்துக் கொடுத்த எனக்கும் கோபப்பட என்ன தகுதி?

தினமும் அவர் நம்பருக்குச் செய்தி அனுப்பினேன். பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. எழுதியவர் அவர் மனைவி.

"அவரும் மகளும் கடையில் இருந்தபோது விழுந்தது. இருவரும் இல்லை. நீங்கள் சினிமாவுக்கு என்று சொன்ன பிறகும் அவர் கிளம்பலாம் என்றுதான் சொன்னார். திருப்பூர் தங்கை பொய் சொல்வாளா என்று கேட்டு டிக்கெட்டை ரத்து செய்ய வைத்தது நான். என் தப்பு."

'உங்கள் தப்பு இல்லை' என்று அனுப்பினேன். யாருடைய தப்பு என்று இன்றுவரை அவருக்கு எழுதவில்லை.