விருந்தாளிக்கு ஒரு கட்டில்

"விழறதுக்கு முன்னாடி உனக்குத் தெரியுமா?" என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்து இடத்துக்காரி ஒருத்தி அவளிடம் கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்டதல்ல. முந்தின நாள் கணக்கு வகுப்பில், ஆசிரியை கரும்பலகையிலிருந்து திரும்புவதற்குள் இவள் பெஞ்சிலிருந்து சரிந்து, கைகால் வெட்டி இழுத்து, வாயில் நுரையோடு தரையில் கிடந்திருந்தாள். தெரியாது என்று சொல்ல இவளுக்கு வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள்தான், அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டாள்.

அந்த நோய்க்கு வீட்டில் பெயர் வைத்தது அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் காதுகள் இருந்தன. அதனால் வலிப்பு என்ற சொல்லையே வீட்டை விட்டுத் துரத்திவிட்டு, அந்த இடத்தில் விருந்தாளியைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். "காலையில விருந்தாளி வந்துட்டுப் போனாங்க, அதான் படுத்திருக்கா" என்பாள். கடையிலிருந்து வந்த அண்ணன், "ரொம்ப நேரம் இருந்தாங்களா?" என்று கேட்பான். அந்தக் குடும்பத்துக்குச் சொந்தபந்தம் அதிகம் என்று தெருவில் பேர். ஒரு விருந்தாளி முகத்தையும் யாரும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அப்பா இல்லாத வீட்டில் அண்ணன்தான் எல்லாம். சின்னச் செருப்புக் கடை வைத்திருந்தான். கல்யாணப் பேச்சு வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணுக்கு உடம்பு எப்படி?" என்று பொதுவாகக் கேட்டார்கள். "தலைவலின்னுகூட ஒரு நாள் படுத்ததில்ல" என்று அண்ணன் கண் இமைக்காமல் சொன்னான். திரைக்குப் பின்னால் நின்ற இவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயம் கழுத்தில் தாலி ஏறிய பிறகும் இறங்கவில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். பாதி மாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் வேலையில் ஒரு பகுதி. நல்லவன், வாய் ஓயாதவன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "ரத்த மாத்திரை போட்டாச்சா?" என்று தவறாமல் கேட்பான். உடம்பில் ரத்தம் குறைவு, அதற்கு மாத்திரை என்று அவள் சொல்லி வைத்திருந்தாள். "போட்டுட்டேங்க" என்பாள். ஒவ்வொரு முறையும் மாத்திரையைவிட அந்தப் பதில்தான் தொண்டையில் சிக்கும்.

மாத்திரை தவறாமல் போட்டால் விருந்தாளி எப்போதாவதுதான் வரும். வந்தால் விடியற்காலையில், அதுவும் சரியாகத் தூங்காத நாளில் வரும். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் கணவன் இரவு வேலைக்குப் போயிருந்தான். தெய்வம் கண்ணைத் திறந்தது என்று அம்மா சொன்னாள். நெற்றியில் பட்ட காயத்துக்கு அலமாரிக் கதவின் மேல் பழி போட்டாகிவிட்டது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஒரு சாயங்காலம் அவன் கால் தரையில் பாவாமல் வந்தான். லீவு கிடைத்துவிட்டது. பழைய ராஜாக்கள் ஆண்ட கோட்டை நகரத்துக்குப் போகிறார்கள். கோட்டை வாசலுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு லாட்ஜைப் பார்த்து வைத்திருந்தான்.

"பெரிய ஓட்டல் எல்லாம் இல்ல. ஆனா மேல் மாடி ரூம். ஜன்னலைத் திறந்தா கோட்டை. லிஃப்ட் கிடையாது, அதுக்காகவே எடுத்தேன். லிஃப்ட் இருந்தா அது போடற சத்தத்துக்கு என்ன கோளாறுன்னு யோசிச்சுட்டே படுத்திருப்பேன்."

செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். அவன் கண்ணுக்கு ஜன்னலும் கோட்டையும் தெரிந்தன. அவள் கண்ணுக்கு வேறு தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடி மேஜை, அதன் கூர்மையான முனை. கட்டில் உயரம். தரை வழவழப்பான கல். குளியலறைக்கு இறங்க ஒரு படி. மாடிப்படி செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கயிறுதான். எந்த முனையில் தலை படும், எந்தப் படியில் உருளுவோம் என்று ஒவ்வொரு படத்திலும் தன்னையே கிடத்திக் கிடத்திப் பார்த்தாள்.

"பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படிங்க?"

"தாழ்ப்பாளா?"

"இறுக்கமா இருக்குமா, வெளியிலேர்ந்து தள்ளினா திறக்குமா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "லாட்ஜை விலைக்கு வாங்கப் போறோமா என்ன? எல்லாரும் ஜன்னலைக் கேப்பாங்க, டிவியைக் கேப்பாங்க. நீ தாழ்ப்பாளைக் கேக்கற."

"கீழ ரூம் இருந்தா நல்லாயிருக்கும்."

"கீழ படுத்துட்டு எதுக்குக் கோட்டை ஊருக்குப் போகணும், நம்ம வீடே கீழதான இருக்கு?" என்று சிரித்தான். அதோடு ராத்திரி பஸ் என்று வேறு சொன்னான். ராத்திரி பஸ் என்றால் தூக்கம் கிடையாது. தூக்கம் இல்லையென்றால் விடியற்காலை. பகல் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போகலாமே என்றாள். வழியில் பார்க்க ஒன்றும் இல்லை, வறண்ட காடுதான் என்று அவன் சொல்லிவிட்டான்.

மறுநாள் அம்மா போனில் வந்தாள். இவள் கையெல்லாம் சோப்பு. போனை அலமாரியில் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டுவிட்டுத் துணியைக் கும்மிக்கொண்டே பேசினாள். கணவன் வேலையை விட்டுச் சீக்கிரம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

"அங்க விருந்தாளி வந்துட்டா என்னடி செய்வே?" என்று அம்மா புலம்பினாள். "ஒரே ரூம். மாப்பிள்ளைக்குத் தெரியாம எப்படிச் சமாளிப்பே?"

"வராதும்மா."

"அவங்க என்ன சொல்லிட்டா வர்றாங்க?"

நிழல் தட்டியது. திரும்பினால் கணவன். சோப்புக் கையோடு போனை அமுக்கினாள். அவன் முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் மனத்தாங்கல் மட்டும் இருந்தது. ஒன்றும் கேட்காமல் வெளியே போனவன், சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான்.

"லாட்ஜ்காரர்கிட்டப் பேசிட்டேன். விருந்தாளிக்கு ஒரு கட்டில் கூடுதலாப் போடச் சொல்லிட்டேன்."

அவள் சோப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"நான் என்ன அவ்வளவு கஞ்சனா? உங்க வீட்டு ஆள் ஒருத்தர் கூட வர்றதுக்கு எனக்குத் தெரியாம சமாளிக்கணுமா? யாரு அது?"

"தூரத்துச் சொந்தங்க."

"ஆணா, பொண்ணா?"

"அது... நிச்சயமில்லைங்க."

"ஆளே நிச்சயமில்லையா, வர்றது நிச்சயமில்லையா?"

"வர்றதுதான். வந்தாலும் வருவாங்க, வராமலும் போவாங்க."

"வந்தா எத்தனை நாள் இருப்பாங்க?"

"ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்க" என்றாள். வாயில் வந்ததைச் சொன்னாள், ஆனால் சொந்தம் என்றதைத் தவிர ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"ரொம்பக் கறாரான சொந்தமா இருக்கும் போல" என்று தலையை ஆட்டிக்கொண்டே அவன் குளிக்கப் போனான். "லாட்ஜ்ல மூணாவது ஆளோட அடையாள அட்டை கேக்கறாங்க. வாங்கி வை."

இல்லாத ஆளுக்கு எங்கே போய் அட்டை வாங்குவது. அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. கிளம்பும் நாளுக்கு முந்தின சாயங்காலம் அண்ணன் கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து நின்றான். சமையலறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்தினான்.

"பாப்பா, பயப்படாத. நானே வர்றேன். நான்தான் அந்த விருந்தாளின்னு சொல்லிடலாம்."

"அண்ணே, எத்தனை நாளைக்கு இப்படி? பேசாம அவர்கிட்ட..."

"வாயைத் திறந்தா நாளைக்கே பெட்டியோட உன்னைக் கொண்டுவந்து விட்டுடுவான். அம்மா தாங்குவாளா? நான் அந்த வீட்டு ஆளுங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

அவனைக் குறை சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சின்ன வயதில் ஒவ்வொரு தடவையும் கண் விழிக்கும்போது முதலில் தெரிவது அவன் முகம்தான். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, ஒன்றுமே நடக்காதது போல ஒரு ஜோக் சொல்வான்.

கூடத்துக்கு வந்து அண்ணன் விஷயத்தைப் போட்டு உடைத்தான். "விருந்தாளி நான்தான் மாப்பிள்ளை. கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

"மச்சான், நீங்களா?" கணவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதுக்கா இவ்வளவு ரகசியம்? ஆணா பொண்ணான்னுகூடத் தெரியலைன்னு சொன்னாளே உங்க தங்கச்சி." உடனே லாட்ஜுக்குப் போன் போட்டான். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருக்கையில் அவளைப் பார்த்து உற்சாகமாகச் சொன்னான்: "உனக்கு ஒண்ணு சொல்லாம வச்சிருந்தேன். கோட்டைச் சுவர் மேல நடக்க விடறாங்களாம். விடியறப்ப மட்டும்தான். பஸ்ஸை விட்டு இறங்கி, பையை ரூம்ல போட்டுட்டு நேரா அங்கதான். ஒரு ஆள் அகலம்தான் இருக்கும், கைப்பிடிச் சுவர் எல்லாம் எப்பவோ இடிஞ்சு போச்சு. ஆனா பயப்படாத, உன் கையை நான் விடவே மாட்டேன்."

விட மாட்டான். அதுதான் அவளுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கத் தூங்காமல், விடியற்காலையில், ஒரு ஆள் அகலத்தில். அவள் சரிந்தால் அவன் கையை விட மாட்டான். இத்தனை நாள் அவள் பயந்ததெல்லாம் தன் மண்டை எங்கே உடையும், தன் குட்டு எப்போது உடையும் என்றுதான். இப்போது சுவருக்குக் கீழே இரண்டு பேர் கிடப்பது தெரிந்தது.

அண்ணனைப் பார்த்தாள். அவன் முகமும் ஒரு நொடி வெளிறியது. பிறகு அவன் சிரித்து, "அதுக்கென்ன, நான் பின்னாடி வர்றேன்" என்று தலையாட்டினான்.

போனில் லாட்ஜ்காரர் குரல் கேட்டது. "சொல்லுங்க சார், மூணாவது ஆள் பேரு?"

"விருந்தாளி அண்ணன் இல்லைங்க" என்றாள் அவள்.

"பாப்பா" என்றான் அண்ணன்.

"அது ஆளே இல்லைங்க. எனக்கு வலிப்பு வரும். எங்க வீட்டுல அதுக்குப் பேரு விருந்தாளி." வலிப்பு என்ற சொல்லை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "சின்ன வயசுலேர்ந்து. விடியறப்ப வரும். தூங்கலைன்னா வரும். அந்தச் சுவர் மேல என்னைக் கூட்டிட்டுப் போகாதீங்க."

அவன் முதலில் சிரித்தான், விளையாட்டு என்று நினைத்து. அப்புறம் அண்ணனைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது போன்.

"அந்த ரத்த மாத்திரை?" என்று அவளைக் கேட்டான்.

"ரத்தத்துக்கு இல்லைங்க."

"தினமும் நான்தான ஞாபகப்படுத்தினேன்." அதை மெல்லத்தான் சொன்னான். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "இங்க வந்த பிறகு வந்துதா?"

"ரெண்டு தடவை. நீங்க நைட் டியூட்டி."

"கதவு?"

"உள்பக்கம் பூட்டியிருந்தேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பூட்டின கதவுக்குள் மாட்டிக்கொண்ட ஆளுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் கேட்டாலே பாதி உயிர் வந்துவிடும் என்று அவன் அடிக்கடி சொல்வான், தொழில் பெருமையாக. இப்போது அவன் காது மடல் வரை சிவந்திருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். பெட்டி உள்ளே அறையில் தயாராக இருந்தது. ஊருக்குப் போவதற்காகக் கட்டியது. அம்மா வீட்டுக்கும் அதே பெட்டிதான்.

அவன் போனைக் காதுக்குக் கொண்டுபோனான்.

"ரெண்டு பேருதாங்க. மூணாவது ஆள் இல்ல. கீழ்த்தளத்துல ரூம் இருக்கா? ஜன்னல் இல்லாட்டிப் பரவாயில்ல. நாங்க பகல் பஸ்ல வர்றோம், சாயங்காலம் ஆகும்." மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டான். "அந்தக் கண்ணாடி மேஜையை மட்டும் வெளிய எடுத்துடுங்க."

போனை வைத்த பிறகும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவன் தன்னை விட்டுவிடவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. இனி ஒருநாள் கோணிய வாயோடும் சொருகிய கண்ணோடும் அவன் தன்னைப் பார்க்கத்தான் போகிறான். அதற்குப் பிறகும் இதே குரலில் பேசுவானா என்று யாரால் சொல்ல முடியும்.

அவன் அண்ணனிடம் கேட்டான். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க மச்சான். நான் நைட் டியூட்டி பாக்கறவன்னு தெரியும்ல உங்களுக்கு. ராத்திரியில இவ தனியாத்தான் கிடப்பான்னு தெரியும்ல?"

அண்ணன் வாயைத் திறந்தான். எப்போதும் அவனிடம் ஒரு ஜோக் இருக்கும். அவள் அதற்காகக் காத்திருந்தாள். அவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தான். அதை மடிக்கப் பார்த்தான், மடிக்க வரவில்லை. அவளுக்காக வாங்கி வந்திருந்த, நடக்கத் தோதான புதுச் செருப்புப் பெட்டியை நாற்காலி மேல் வைத்தான்.

"அண்ணே, சாப்பிட்டுட்டுப் போ" என்றாள்.

அவன் வாசலில் குனிந்து செருப்புக்குள் காலை நுழைத்தான். ஊருக்கெல்லாம் செருப்பு மாட்டிவிடுகிறவன், வாரைப் போடாமல் பின்பக்கத்தை மிதித்தபடியே தெருவில் இறங்கிப் போனான்.