மூன்றாம் செவ்வாய்

நாகூருக்குத் திரும்பக் கப்பல் வெள்ளிக்கிழமை. பெட்டி கட்டியாயிற்று. இந்தச் செவ்வாயை மட்டும் தாண்டிவிட்டால் பதுருன்னிசாவின் கல்யாண வாழ்க்கை முடிந்து போகும்.

தலாக் பதிய வருகிறவர்களை மூன்று செவ்வாய் உட்கார வைத்துப் பேசவிட்ட பிறகே ஷரியா நீதிமன்ற அலுவலகத்தில் காகிதத்தைத் தொடுவார்கள். அறுபத்திரண்டில் அது புதுப் பழக்கம். முதல் இரண்டு வாரமும் அவள் கணவர் அப்துல் முத்தலிப் கூரைக் காற்றாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜாலான் புசார் தெருக் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கும்போது சீனரிடமும் மலாய்க்காரரிடமும் வாய் ஓயாத மனிதர். பெண்டாட்டியிடம் மட்டும் அவருக்கு நாக்கு எழாது.

"ஒருத்தர் சொல்லணும். மத்தவங்க அதையே திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் பதில்," என்றார் ஆலோசகர் ரபியா. "வக்கீல் மாதிரி வாதாடக் கூடாதுலா. நீங்க ஆரம்பிங்க, பதுருன்னிசா."

அவள் குரலில் ஆறு வருஷத்து எரிச்சல்.

"நாகூர்ல எம்புள்ள மவுத்தாச்சு. பதினோரு மாசக் கொழந்த. இவங்க அவ முகத்தக்கூடப் பாத்ததில்ல. இங்கேர்ந்து ஒரே வரி எழுதினாங்க. 'அல்லாஹ்வின் நாட்டம், பொறுமை கொள்ளவும்.' அடுத்த வரியில இவங்க உம்மாவுக்கு முட்டிவலித் தைலம் அனுப்பின சேதி."

"திருப்பிச் சொல்லுங்க."

முத்தலிப் தொண்டையைச் செருமினார். "புள்ள மவுத்தாச்சு. நான் ஒரு வரி எழுதினேன்." ரபியா தலையசைத்து மேலே சொல்லச் சொன்னார். "தைலத்தப் பத்தியும் எழுதினேன்."

"இப்ப உங்க பதில்."

"ஊர்ல எங்க மாமா என் கடுதாசியக் கூடத்துல நின்னு சத்தமாப் படிப்பாரு. வீடே கேக்கும். அழுதேன்னு அதுல எப்படி எழுதுவேன்?"

பதுருன்னிசா உதட்டை இறுக்கிக்கொண்டாள். திருப்பிச் சொன்னால் தோற்றுப் போவோம் என்று பட்டது. ரபியா விடுகிற மாதிரி இல்லை.

"வீடே கேக்கும்னு... அழுதத எழுதல." சொல்லும்போதே அந்தக் கூடம் கண்ணில் வந்தது. கதவுக்குப் பின்னால் நின்று அழுகை வெளியே கேட்காதபடி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டவள் அவளும்தானே. ஆனாலும் கோபம் அடங்கவில்லை. "சரி. நான் இங்க வந்து ரெண்டு வருஷமாச்சே! இங்க எந்த மாமா நின்னாரு? ஏன் வாயத் தொறக்கல?"

முத்தலிப் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். "புள்ள நான் இல்லாதப்ப வந்து, நான் இல்லாதப்பவே போயிருச்சு. கேக்கறதுக்கு எனக்கு என்ன உரிமைன்னு இருந்துட்டேன்."

"என்ன கேக்கணும்னு இருந்தீங்க?" என்றார் ரபியா.

அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். "புள்ள... யாரு மாதிரி இருந்துச்சு?"

ஆறு வருஷமாக ஒருத்தரும் அவளிடம் கேட்காத கேள்வி.

"காது உங்க காது," என்றாள். "அதப் புடிச்சுக்கிட்டேதான் தூங்குவா."

முத்தலிப் மேசையில் தலையைக் கவிழ்த்து, கூச்சமே இல்லாமல் அழுதார்.

ரபியா மெதுவாகக் கேட்டார். "மூணு வாரம் முடிஞ்சுது. காகிதத்த எடுக்கவா?"

"இன்னும் நான் சொல்லி முடிக்கல," என்றாள் பதுருன்னிசா. "அடுத்த செவ்வா எத்தனை மணிக்கு வரணும்?"