பெரியம்மாவின் பாதம்

"வீட்டுல உங்க தோட்டத்துப் பேச்சே வேண்டாம். வருஷா வருஷம் சோதனைக்கு வர்ற டாக்டர் நான். நீ சொல்லித்தான் எழுதினேன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது."

"சரி டாக்டரே. ஆனா என் மேல யானை வாசனை அடிச்சா மூக்கைப் பொத்தக் கூடாது."

கல்யாணம் நிச்சயமான அன்று, யானையைப் பராமரிக்கும் அவளும் கால்நடை டாக்டரான அவனும் பேசிச் சிரித்தது. ஒன்பது வருஷமாக இருவரும் வாக்குத் தவறவில்லை. அதனாலேயே யானையை வேறிடம் அனுப்பச் சொல்லிக் கேட்க நினைத்தும் அவள் அவனிடம் கேட்டதேயில்லை.

நகரத்தின் நடுவே நூற்றைம்பது வயதான விலங்குத் தோட்டம். யானைக்கொட்டில் தூணும் வளைவுமாக அரண்மனை போலிருக்கும். புராதனக் கட்டடம் என்பதால் கல்தரையை உடைத்து மண் போட அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் கல்லில் முப்பத்திரண்டு வருஷமாகத் தனியாக நின்றது யானை. எல்லோருக்கும் அது பெரியம்மா. பாதம் வெடித்துச் சீழ் வைக்கும். யானை இங்கேயே இருக்கலாமா என்று முடிவுசெய்யும் சோதனைக்கு மூன்று வாரம் முன்பே அவள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தை ஊறவைத்து, அழுகியதைச் சீவி, மருந்து போடுவாள். தோட்டத்தின் கண்காணிப்பாளர் சொல்லித் தந்த வழக்கம்.

இன்று அவரும் படிவத்தோடு நின்றிருந்தார்.

"பெரியம்மா, மாப்பிள்ளை வந்திருக்காரு. காலைக் குடு," என்றாள் அவள்.

யானை கம்பிமேல் பாதத்தைத் தூக்கி வைத்தது.

"போன தடவை மாப்பிள்ளை மூஞ்சியிலயே தண்ணியைப் பீச்சினாங்க உங்க பெரியம்மா," என்றபடி அவன் பாதத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "ஒரு வெடிப்பில்லை. உன் கை ராசி! இங்கேயே இருக்கலாம்னு எழுதிடறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. நோவைக் குறைப்பதாக நினைத்து, வருஷந்தோறும் தான்தானே பெரியம்மாவை இந்தக் கல்லிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம்? அவன் போட்டது கையெழுத்து மட்டும்தான்.

கண்காணிப்பாளர் பேனாவை நீட்டினார்.

"என்னங்க..."

வேலையிடத்தில் அவனை அவள் அப்படி அழைத்ததேயில்லை. அவன் நிமிர்ந்தான். கண்காணிப்பாளரின் புருவம் ஏறியது.

"இந்தப் பாதத்தை நம்பாதீங்க. மூணு வாரமா நான் மூடி வெச்சது. அடுத்த மாசம் திரும்ப வெடிக்கும். எல்லா வருஷமும் இதே கதைதான்." அவள் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பவில்லை. "கையெழுத்து போடாதீங்க. இவளை மண்ணுல நடக்குற இடத்துக்கு அனுப்பிடுங்க."