சொந்தக்காரர்களை எண்ணாத ஊர்

1
இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது. கொள்ளைநோய்க் காலத்தில், 'நேற்று எத்தனை பேரைச் சந்தித்தீர்கள்?' என்று கடலோர ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுக்கக் கேட்டார்கள். நானும் 'மூன்று' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் செய்த தப்பைப் பிறகு சொல்கிறேன்.

'கடலைப் பார்த்தபடி ரௌதா பெருமூச்சு—'

இப்படித் தொடங்க வேண்டாம். ரௌதாவுக்குக் கடலைப் பார்க்க நேரமில்லை.

2
ரௌதா கணித விரிவுரையாளர். ஒருவர் சராசரியாக எத்தனை பேரைச் சந்திக்கிறார் என்ற எண்ணைச் சமன்பாட்டில் போட்டு, தொற்று எப்போது உச்சத்துக்குப் போகும் என்று வளைகோடு வரைவாள். (கணிதம் அவ்வளவுதான். மீதியைத் தாண்டிப் போங்கள், நானும் தாண்டித்தான் வந்தேன்.)

படிவங்களின் சராசரி நான்கு. வளைகோடு சின்ன மேடாகப் படுத்திருந்தது. நண்பகலுக்குள் அதைச் சுகாதாரக் குழுவுக்கு அனுப்பினால் கல்யாண மண்டபங்கள் மூடப்படாது. இருமுறை தள்ளிப்போன தங்கை எம்னாவின் கல்யாணம் சனிக்கிழமை நடந்துவிடும்.

அப்போதுதான் அம்மாவின் படிவம் கையில் சிக்கியது. 'இரண்டு.'

3
"அம்மா, நேத்து வீட்ல கால் வைக்க இடமில்ல. ரெண்டுன்னு எழுதியிருக்கே?"

"மீன்காரன் ஒண்ணு, தபால்காரன் ஒண்ணு." அம்மா வெந்த கூஸ்கூஸ் ரவையை உதிர்த்துக்கொண்டே சொன்னாள்.

"பெரியம்மா, சித்தி, அவங்க பிள்ளைங்க? கன்னத்துக்குக் கன்னம் முத்தம் வேற!"

"அடிப் போடி! நம்ம ரத்தத்தைப் போய் யாராவது எண்ணுவாங்களா?"

[என் மூன்றும் இதே கதைதான். மச்சான்கள் பதினொரு பேரை விட்டுவிட்டேன்.]

4
ரௌதா நாற்பது வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினாள். ஒருவர்கூடச் சொந்தக்காரர்களை எண்ணவில்லை. நான்கு, பதினேழானது. மேடு மலையானது.

எம்னா எட்டிப் பார்த்தாள். "நாலுன்னே போடுக்கா. ஊரே அப்படித்தானே எழுதியிருக்கு? நீயா பொய் சொல்றே?"

ரௌதாவுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கை சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

5
முதல் முடிவு: நான்கை அனுப்புகிறாள். மண்டபம் நிறையச் சொந்தம். அம்மா ஒவ்வொருவராகக் கட்டிப்பிடித்து—

(எனக்கு எழுதக் கை வரவில்லை.)

இரண்டாவது: பதினேழை அனுப்புகிறாள். மண்டபங்கள் மூடுகின்றன. நோய் பரவவில்லை. "எங்கடி உன் மலை? என் கல்யாணத்தைக் கெடுத்ததுதான் மிச்சம்" என்று எம்னா ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுகிறாள். கணக்குப் போட்டவள் சரியாகச் சொன்னாள் என்பதற்கு, நடக்காமல் போனதைத் தவிர வேறு சாட்சியில்லை.

மணி பதினொன்று ஐம்பது. எண் போட வேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. நான் எழுந்துகொள்கிறேன், நீங்கள் உட்காருங்கள். போடுவதற்கு முன் ஒன்றே ஒன்று: நேற்று நீங்கள் எத்தனை பேரைச் சந்தித்தீர்கள்?

அம்மாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.