ஒரு சுவர் தூரம்

"என் பம்ப்புக்குப் பேய் பிடிச்சிருக்குக்கா" என்றாள் சின்னவள்.

அவள் இடுப்பில் தொங்கும் இன்சுலின் பம்ப் தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வயிற்றுத் தோலுக்குள் போகும். சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். வேலை கேக் கடையில். ஊருக்கெல்லாம் இனிப்பு, எனக்கு மட்டும் இன்சுலின் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"பேய் என்னடி பண்ணுது?" என்றாள் பெரியவள்.

"சும்மா சும்மா அதிருது. எடுத்துப் பார்த்தா திரையில ஒண்ணுமே இல்லை."

"கடையிலயா?"

"வீட்லதான். அதுவும் சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்தா. என் மனசு அதிருறது அதுக்கும் கேக்குதோ என்னவோ."

'அவர்' என்றால் ஒலிப்பதிவாளர். கேக் வாங்கக் கடைக்கு வந்தவர். பிறகு கேக் வாங்காமலும் வர ஆரம்பித்தார். இப்போது வீட்டுக்கும் வருகிறார். தங்கமான மனிதர், காதுதான் கொஞ்சம் அதிகம். பம்ப் மருந்து தள்ளும் சத்தம்கூட அவருக்குக் கேட்கும். இது எப்படி வேலை செய்கிறது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

பெரியவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மறுநாள் போயிற்று.

அவள் வேலை கணினிப் பாதுகாப்பு. ஆண்டுதோறும் நடக்கும் ஒரு மாநாட்டுக்கு ஆய்வுகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருந்தாள். தேர்வானவர்களைப் பேச அழைத்துக் கடிதம் எழுதுவதும் அவள் பொறுப்பு. இந்தத் துறையில் ஆய்வு என்றால் பாதி, பூட்டு உடைப்பதுதான். எந்தக் கருவியில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடித்து மேடை ஏறிச் சொல்வார்கள். ஊரறியச் சொன்னால்தான் கருவியைச் செய்தவன் அந்த ஓட்டையை அடைப்பான்.

அனுப்பியவர் யாரென்று குழுவுக்குத் தெரியாது. குழுவில் யாரென்று அனுப்பியவருக்குத் தெரியாது. ஆளைப் பார்த்து அளக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. அழைப்பை ஏற்றுக்கொண்டால்தான் பெயர் திறக்கும். அதுவரை படித்ததைப் பற்றி வெளியே மூச்சு விடக் கூடாது. இந்த விதிகளுக்காகச் சண்டை போட்டவர்களில் அவளும் ஒருத்தி.

அன்று அலுவலகத்தில் அவள் திறந்த கட்டுரை இன்சுலின் பம்ப்பைப் பற்றியது.

முதல் பக்கத்தைத் தொழில்காரியாகத்தான் படித்தாள். நல்ல ஆய்வு. குறிப்பிட்ட ஒரு வகைப் பம்ப், காற்றில் வரும் கட்டளையை யார் அனுப்பியது என்று கேட்பதே இல்லை. கம்பியில்லாத் தொடர்பை அணைத்து வைத்தாலும் கட்டளைகளை ஏற்றுக்கொண்டே இருக்கிறது. ஒரு சுவரைத் தாண்டியும் கட்டளை போய்ச் சேர்கிறது. பம்ப்பின் படமும் இருந்தது. சின்னவளுடையது அதே வகை.

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பயனர் ஒருவரிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது. தீங்கற்ற கட்டளை மட்டுமே: அதிர்வு. பயனர் ஒவ்வொரு முறையும் மறுபடியுமா என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார். சந்தேகம் கொள்ளவில்லை.'

அவள் அந்த வரிகளை மறுபடியும் படித்தாள்.

அதிர்வுக் கட்டளை போகிற வழியில்தான் மருந்தை இறக்கும் கட்டளையும் போகும். பம்ப்பில் இருக்கும் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உள்ளே இறங்கினால், தூங்குகிறவள் எழுந்திருக்க மாட்டாள்.

உலகத்தில் எத்தனையோ பேர் இதே பம்ப்பைக் கட்டியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டாள். கட்டுரைக்காரர் தான் சோதித்த பம்ப்பின் வரிசை எண்ணைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்திருந்தார். அடுத்தவர் பூட்டையெல்லாம் உடைக்கிறவர்கள் தங்கள் கதவைச் சாத்த மறப்பது இந்தத் தொழிலில் புதிதல்ல. மேலே கட்டம் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்து அழிந்துவிடாது. அவள் அந்த வரியைப் பிரதி எடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டினாள். எண் வந்து நின்றது.

சாயங்காலம் வீடு திரும்பியபோது மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர் எதிரே வந்தார். கல்லூரியில் மின்னணுவியல் ஆசிரியர். செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடப்பதால் சின்னவள் அவருக்குப் பூனை சார் என்று பெயர் வைத்திருந்தாள். தபால்காரர் விட்டுப்போகும் பொட்டலங்களை வாங்கி வைப்பார். சின்னவள் தனியாக இருக்கும்போது மயங்கி விழுந்தால் யாராவது உள்ளே போக வேண்டுமே என்று மாற்றுச் சாவி ஒன்றை அவரிடம்தான் கொடுத்திருந்தார்கள்.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்திருக்கு?"

"வேலை சார்."

"தங்கச்சி வந்தாச்சு. பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. ஏதாவது வேணும்னா ஒரு தட்டுத் தட்டுங்க, போதும்."

அந்த நேரத்தில் அந்தப் பேச்சு அவளுக்குத் தெம்பாக இருந்தது. ஆபத்துக்கு ஓடிவர ஒரு மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

சின்னவள் குளித்துக்கொண்டிருந்தாள். குளிக்கும்போது மட்டும் பம்ப்பைக் குழாயிலிருந்து கழற்றிக் கட்டிலில் வைப்பாள். பெரியவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

அதே எண்.

பம்ப்பைக் கீழே வைத்தாள். கை வைத்த இடத்தில் வியர்வை படிந்திருந்தது. முந்தானையால் துடைத்தாள்.

சின்னவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்ததும் மெல்ல ஆரம்பித்தாள். "கொஞ்ச நாளைக்கு ஊசிக்கு மாறிக்கோயேன்டி."

"ஏன், நல்லாத்தானே ஓடுது?"

"அதிருதுன்னு சொன்னியே."

"அதிர்ந்தா அதிர்ந்துட்டுப் போகுது. தினம் குத்திக் குத்தி வயிறு சல்லடையா இருந்தது மறந்துபோச்சா? உனக்கென்ன, குத்திக்கிறது நான்."

"ஏதோ கோளாறுன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். மூடினாள். சொன்னால் இவள் அடுத்த நிமிடமே ஒலிப்பதிவாளரிடம் சொல்வாள். இவள் வாயில் எதுவும் தங்காது. அதிர்வது அவர் வரும்போது. பம்ப்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டவரும் அவர். தான் கண்டுபிடிக்கப்பட்டது தெரிந்தால் அந்த ஆள் அடுத்து என்ன கட்டளை அனுப்புவான்?

"யாரோ சொன்னாங்க" என்றாள்.

"யாரோ சொன்னதுக்கு நான் ஊசி போடணுமாக்கும்" என்று சின்னவள் பம்ப்பை மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் குழு கூடியது. தலைவர் கட்டுரையை மேசையில் தட்டினார். "இந்த வருஷம் இதுதான் மகுடம். என்ன சொல்றீங்க?"

"உயிரோட இருக்கிற ஆள் மேல சோதிச்சிருக்கார். அந்த ஆளுக்கே தெரியாம" என்றாள் பெரியவள்.

"அதிர்வுதானேம்மா? போன் அடிச்ச மாதிரி."

"கழுத்துல கத்தியை வச்சுப் பார்த்துட்டு, கீறலையேன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"பிரமாதம். இதையே மேடையில அவர்கிட்ட கேளுங்க, அரங்கம் அதிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். தனக்கு வேண்டியவர் சம்பந்தப்பட்ட ஆய்வு என்றால் அறையை விட்டு எழுந்து போக வேண்டும். அதுவும் விதி. எழுந்தால் அந்தக் கட்டுரை அவளுக்கு மூடிவிடும். யார் என்று கடைசிவரை தெரியாது. நிராகரித்தாலும் அப்படித்தான், பெயர் திறக்காமலேயே ஆள் போய்விடுவான்.

அவள் எழவில்லை. வேண்டும் என்பவர்கள் கை தூக்கியபோது தானும் தூக்கினாள்.

அன்று மாலை ஒலிப்பதிவாளரைத் தேநீருக்கு அழைத்தாள். சின்னவளுக்குத் தலைகால் புரியவில்லை. "நீயே கூப்பிட்டியா? மழைதான் வரப்போகுது."

அவர் வந்தார். கைபேசியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். பெரியவள் எதிர் நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். ஒரு வேலை பாக்கி, தப்பா நினைக்காதீங்க என்றாள். கட்டுரைக்காரருக்கான மின்கடிதம் திரையில் தயாராக இருந்தது. 'உங்கள் ஆய்வைப் படித்து மகிழ்ந்தோம். மாநாட்டில் பேச உங்களை அழைக்கிறோம். பம்ப்பைத் தயாரித்த நிறுவனத்துக்கு நாங்களும் உடனே தெரிவிக்கிறோம்.' மகிழ்ந்தோம் என்ற சொல்லை அவள் எப்படி அடித்தாளோ.

"அக்கா எப்பவும் இப்படித்தான்" என்றாள் சின்னவள். "விருந்தாளி வந்தா கம்ப்யூட்டருக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா."

"எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு" என்றார் ஒலிப்பதிவாளர். "நான் ஹெட்போனுக்குள்ள ஒளிஞ்சுக்குவேன்."

பெரியவள் அவர் கைபேசியைப் பார்த்துக்கொண்டே விசையை அழுத்தினாள். கடிதம் போனது.

கைபேசியின் திரை கறுப்பாகவே இருந்தது.

அவர் தேநீரை ஊதிக் குடித்தார். சின்னவள் கடையில் ஒரு கேக்கின் மேல் பெயரைத் தப்பாக எழுதிவிட்ட கதையைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார். திரை கறுப்பாகவே இருந்தது. பெரியவளுக்கு முதலில் நிம்மதி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு பயமும் வந்தது. இவர் இல்லை. அப்படியானால் யார்?

அப்போது பக்கத்து வீட்டில் யாரோ கத்தினார்கள். பயந்த கத்தல் இல்லை. பந்தயத்தில் ஜெயித்தவனின் கத்தல். பிறகு கைதட்டும் சத்தம், தனி ஆள் தனக்கே தட்டிக்கொள்வது.

"பூனை சாரா அது?" என்றாள் சின்னவள். "அவருக்குக் குரல்கூட இருக்கா?"

"இந்தச் சுவர் ரொம்ப மெல்லிசு" என்றார் ஒலிப்பதிவாளர். "நாம பேசுறதெல்லாம் அந்தப் பக்கம் தெளிவா கேக்கும்."

பெரியவளின் திரையில் ஒரு வரி வந்தது: அழைப்பு ஏற்கப்பட்டது. அதன் கீழே பெயர் திறந்தது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் பக்கத்து வீட்டுக் கதவின் பித்தளைத் தகட்டில் அவள் பார்க்கும் பெயர்.

அவள் மடிக்கணினியை மூடினாள்.

"பம்ப்பைக் கழட்டுடி."

"என்னது?"

"கழட்டு."

"அக்கா, ஆள் இருக்கும்போது என்ன இது..."

"அம்மா மேல சத்தியமா சொல்றேன், இப்பவே கழட்டு. அப்புறம் என்னை என்ன வேணாலும் திட்டு."

பெரியவள் சத்தியம் செய்கிறவள் அல்ல. சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். திரும்பி நின்று குழாயை விடுவித்துப் பம்ப்பை மேசைமேல் வைத்தாள்.  ஒலிப்பதிவாளர் ஒன்றும் புரியாமல் எழுந்து நின்றார்.

காலடிச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அழைப்பு மணிதான் அடித்தது.

பெரியவள் கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியில் நின்றாள். பூனை சார் நின்றிருந்தார். கண்ணெல்லாம் சிரிப்பு. தலைகூட வாரவில்லை.

"முதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு ஓடி வந்தேம்மா. ஒரு பெரிய மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. வருஷக் கணக்கா எழுதிப் போடுறேன், ஒருத்தன் திரும்பிப் பார்த்ததில்லை. இதுக்கு உங்க தங்கச்சிக்குத்தான் நான் நன்றி சொல்லணும்."

"எதுக்கு?"

"காட்டுறேனே. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே."

சட்டைப் பையிலிருந்து கையடக்கமான கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார். வாலாக ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. புதுப் பொம்மையைக் காட்டும் பிள்ளையைப் போல அதைத் தூக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

பின்னால் மேசைமேல் பம்ப் அதிர்ந்தது. கண்ணாடியில் கடகடவென்று நகர்ந்து தேநீர்க் கோப்பையில் மோதி நின்றது.

 சின்னவளின் கை, பம்ப் எப்போதும் தொங்கும் இடத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"பாத்தீங்களா?" என்றார் அவர். "எவ்வளவு சுலபம்!"

ஒலிப்பதிவாளர் சின்னவளின் முன்னால் வந்து நின்றார்.

பெரியவள் உள்ளங்கையை நீட்டினாள்.  

"அதைக் குடுங்க சார். எங்க வீட்டுச் சாவியையும் குடுங்க."

அவர் முகத்தில் இன்னும் சிரிப்பு மிச்சம் இருந்தது. "சாவி எதுக்கும்மா? தங்கச்சிக்கு ஏதாவது ஆனா, உள்ள வரணுமே?"

"அதுக்காகத்தான் கேக்கிறேன்" என்றாள்.