பூட்டின கதவும் ஆழ்ந்த மூச்சும்

பெரிய காஞ்சிபுரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பிள்ளைகளுக்கு மனக்கவனம் எந்த அளவு இருக்கிறது என்று பார்க்க அன்று ஒரு மேடம் டேப்லெட்டோடு வந்திருந்தார்.

யாராவது பார்வையிட வந்தால் பெண் பிள்ளைகளின் கழிப்பறையைப் பூட்டி, வாசலில் பினாயிலை ஊற்றிவிடுவது தலைமையாசிரியர் வரதராஜனின் வழக்கம். கழுவும் வழக்கம் கிடையாது. பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சர் கிரேஸுக்கு அந்த வாடை காலையிலேயே தொண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது. போதாததற்கு, பிள்ளைகளை உட்கார வைத்த ஹாலும் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"கண்ணை மூடுங்க. மூச்சை நல்லா ஆழமா இழுங்க," என்றார் மேடம்.

"ஆழமா இழுத்தா வாந்திதான் மேடம் வரும்," என்றாள் திரிஷா. பின்வரிசை சிரித்தது.

தீபிகா சிரிக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். சிறுநீரை அடக்கி அடக்கியே தொற்று வந்து, ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு முந்தாநாள்தான் பள்ளிக்கு வந்தவள். "மறுபடியும் அடக்கினா கிட்னிக்கு ஏறிடும்னு டாக்டர் சொல்லிக்கிறாரு, டீச்சரம்மா. கொஞ்சம் பாத்துக்கமா," என்று அவள் அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

தீபிகா கையைத் தூக்கினாள்.

"இன்னாமா, கொஞ்ச நேரம் அடக்க முடியாதா? இதுவும் ஒரு பயிற்சிதான்," என்றார் வரதராஜன்.

"கவனம் சிதறுது," என்று முணுமுணுத்தபடி மேடம் டேப்லெட்டில் எதையோ தட்டினார்.

கிரேஸ் தலைமையாசிரியர் அருகில் போனாள். "சாவி குடுங்க சார். ஒடம்பு சரியில்லாத பொண்ணு."

"அந்த மேடம் கெளம்பிப் போவட்டும் டீச்சர். இப்போ தொறந்தா நாத்தம் தாங்காது. மானம் போயிடும்."

கிரேஸ் தீபிகாவிடம் போனாள். "எழுந்து வா தீபிகா," என்று கையைப் பிடித்து, நேராகத் தலைமையாசிரியர் அறைக்குக் கூட்டிப்போனாள். அறைக்குள்ளேயே அவருக்கென்று தனிக் கழிப்பறை இருந்தது.

வரதராஜன் பின்னாலேயே ஓடி வந்தார். "டீச்சர், அது என்னோடது."

"தெரியும் சார். நீ போ தீபிகா."

கதவைத் திறந்த தீபிகா அப்படியே நின்றாள். வெள்ளை டைல்ஸ், சோப்பு, மடித்த துண்டு, நிரம்பிய வாளி. என்ன நினைத்தாளோ, செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பாதத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதைப் பார்த்ததும், காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த குமட்டல் கிரேஸுக்கு வாய்வரை வந்துவிட்டது.