செயற்கைக்கோள் இல்லாத வானம்

ஷாஜியின் குரல்செய்தி காலை ஆறே முக்காலுக்கு வந்தது. கேரளப் பக்கத்தில், கழுத்துப்பட்டை மாட்டிய யானையைக் கண்காணிக்கும் காவலர் அவர். "சேட்டா, ஆன இறங்ஙி." அவ்வளவுதான்.

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் அனுப்பும் வேலைக்கு நான் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. யானை மலையிறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

"அப்ப ஏறலாமாண்ணே?" என்றான் ஜீப் ஓட்டும் மொக்கையன்.

"வெரசா போ. அது கீழ போயிருச்சு."

காய் எடுக்கும் பெண்கள் பதினொரு பேர் போனார்கள். அதில் என் மனைவி ரோஜாவும் ஒருத்தி.

ஒரு மணி நேரம் கழித்து, கட்டப்பனை வரை போய்க் காய் வாங்கும் முபின் வந்தான். செய்தியைப் போட்டுக் காட்டினேன். டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"மாப்ளே, மலையாளத்துல இறங்ஙின்னா கீழ போச்சுன்னு இல்ல. காட்ட விட்டு ஆளுக இருக்குற பக்கம் வந்துருச்சுன்னு அர்த்தம்."

தோட்டத்தில் டவர் கிடையாது. கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்தேன். யானையின் புள்ளி தோட்டத்துக்கு மேலே, காட்டின் விளிம்பில். அது ஐந்தேகால் மணிக்கு விழுந்த புள்ளி. அடுத்தது, செயற்கைக்கோள் தலைக்கு மேல் வரும் எட்டரைக்குத்தான்.

முபின் தன் ஜீப்பை எடுத்தான். "அந்தச் சேட்டிலைட்டு நம்ம தலைக்கு மேலயே நின்னா என்ன கேடு?"

"நின்னா விழுந்துரும்."

இப்போதும் அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. விழ விழ முன்னேயும் பாய்வதால், தரை அதற்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போகிறது. நூறு நிமிடத்தில் ஒரு சுற்று. அதற்குள் பூமி திரும்பிவிடும். அடுத்த சுற்று எங்கோ கடலுக்கு மேல்; எட்டரைக்கு வருவது வேறொன்று. பூமியோடு சேர்ந்து சுற்றி, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் வெகு உயரத்தில் உண்டு. பட்டையின் சின்ன பேட்டரிக்கு அவ்வளவு தூரம் எட்டாது.

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் கைப்பேசி அதிர்ந்தது. புள்ளி எட்டு முப்பத்தொன்றுக்கு விழுந்திருந்தது, காய் உலர்த்தும் ஸ்டோரின் மேலேயே. மணி எட்டு நாற்பது. அந்த ஒன்பது நிமிடத்தை நினைக்காமலிருக்கப் பார்த்தேன். அடுத்த வளைவில் டவர் போய்விட்டது.

தோட்டத்தில் மொக்கையனின் ஜீப் சரிந்து கிடந்தது. ஏலச்செடிகள் ஒரு வண்டி அகலத்துக்கு மிதிபட்டிருந்தன. முபின் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்க, நான் ஸ்டோரின் இரும்புக் கதவுக்கு ஓடினேன்.

"ரோஜா."

கதவைத் தட்டினேன்.

"உள்ளதான் இருக்கோம்." அவள் குரல் கதவை ஒட்டி வந்தது. "மொக்கையன மட்டும் காணோம். ஏங்க, அது இப்ப எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க. தொறக்கலாமா?"

கைப்பேசியில் அதே பழைய புள்ளி. அதை வாங்கிப் போன செயற்கைக்கோள் இந்நேரம் வேறொரு கண்டத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும். எனக்குப் பின்னால், முபினின் இன்ஜின் சத்தத்துக்கு அப்பால், ஏதோ முறிந்தது.

"தொறக்காத" என்றேன்.